வேலையில் குறையில்லை, ஆனாலும் யாருக்கும் தெரியவில்லை: சக ஊழியர்கள் நம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணத்தை நாமே உருவாக்கலாமா?

அமைதிவிரும்பி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் தரச்சோதனைப் பிரிவில் மூத்த பொறியாளராகப் பணியாற்றுகிறேன். இந்த முறை வந்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஏறத்தாழ என்னுடனேயே சேர்ந்த, என்னைவிடக் குறைவான பொறுப்புகளை ஏற்றிருந்த ஒருவரின் பெயர் இருந்தது. அவர் திறமையானவர், அவர் உயர்ந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் காரணம் கேட்டபோது என் மேலாளர் சொன்ன பதில் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. "உங்கள் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மற்றப் பிரிவுத் தலைவர்களுக்கு உங்களைத் தெரியவில்லை. கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொன்னபோது யாரும் எதுவும் பேசவில்லை" என்றார்.

என் வேலையின் இயல்பும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு வெளியீடு சிக்கலின்றிப் போய்ச் சேர்ந்தால் சோதனைப் பிரிவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சிக்கல் வந்துவிட்டால் முதல் கேள்வி எங்களிடம்தான் வருகிறது. நடக்காமல் தடுக்கப்பட்ட ஒன்றை எப்படி ஒருவருக்குக் காட்டுவது? அதைவிடப் பெரிய தயக்கமும் ஒன்று உண்டு. என்னைப் பற்றி நானே பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிறர் அப்படிப் பேசக் கேட்கும்போது அவர்கள்மேல் எனக்கு மதிப்புக் குறைவதும் உண்மை. சக ஊழியர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதைத் திட்டமிட்டு அமைப்பது நேர்மையான செயல்தானா, ஆம் என்றால் அதை எந்த எல்லைக்குள் செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முன்னாள்மேலாளர்

நண்பரே, உங்கள் மேலாளர் உங்களுக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறார். பெரும்பாலான மேலாளர்கள் "அடுத்த முறை பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவர் அறைக்குள் உண்மையில் என்ன நடந்தது என்பதையே சொல்லியிருக்கிறார்.

நான் பல ஆண்டுகள் அந்த அறையில் உட்கார்ந்தவன் என்பதால் அங்கே நடப்பதை விளக்குகிறேன். ஒவ்வொரு மேலாளரும் தம் குழுவிலிருந்து சில பெயர்களைக் கொண்டுவருவார். இடங்கள் எப்போதும் பெயர்களைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரு பெயருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களில் யாரும் உங்கள் சோதனை அறிக்கைகளைத் திறந்து படிக்கப் போவதில்லை. மேலாளர் உங்களை இரண்டு வாக்கியங்களில் அறிமுகப்படுத்துவார். பிறகு மேசையைச் சுற்றியிருப்பவர்களில் யாராவது ஒருவர், "அவரா, நம் பணம் செலுத்தும் பகுதியில் அந்தக் கோளாறைப் பிடித்தவர்தானே, எங்கள் குழுவுக்கும் உதவினார்" என்று சொல்லிவிட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் உங்கள் மேலாளர் ஒற்றைச் சாட்சியாகிவிடுகிறார். தம் குழுவைப் பற்றி எல்லா மேலாளர்களும் நல்லதையே சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், அந்த ஒற்றைச் சாட்சிக்கு மதிப்புக் குறைவு.

எனவே உங்கள் கேள்வியை நான் சற்று வேறு விதமாக வைத்துக்கொள்வேன். நீங்கள் இல்லாத ஓர் அறையில், உங்களோடு அன்றாடம் பழகாத ஒருவர், உங்களைப் பற்றி ஒரே வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தால் என்ன சொல்வார்? அந்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். அவரிடம் அது ஏற்கனவே இருக்கவும் வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலையின் ஒரு பகுதி என்பதே என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கடின உழைப்பாளி", "நம்பி ஒப்படைக்கலாம்" என்ற பாராட்டுகளில் மயங்கிவிடாதீர்கள். அந்த அறையில் இவை ஒருவரை இப்போது இருக்கும் இடத்திலேயே வைத்திருப்பதற்கான காரணங்களாகவும் பயன்படுகின்றன. அவர் போய்விட்டால் அந்த வேலையை யார் செய்வது என்ற கவலை மேலாளருக்கு உடனே வந்துவிடும். பதவி உயர்வுக்குத் தேவைப்படும் வாக்கியம், அடுத்த நிலையில் இருப்பவர் செய்யும் ஒன்றை நீங்கள் இப்போதே செய்துகாட்டியதைச் சொல்வதாக இருக்க வேண்டும்.

கார்முகில்

முன்னாள்மேலாளர் அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் விவரித்த அந்த அறையை இயல்பானதாக ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒரு நிறுவனம் தன் ஊழியரின் வேலையைப் படித்துப் பார்க்கச் சில நிமிடங்கள்கூட ஒதுக்காது, அதற்கு ஈடாக ஊழியர் ஊர் முழுவதும் தம் பெயரைச் சொல்லிக்கொண்டு அலைய வேண்டும் என்றால், குறை யாரிடம் இருக்கிறது? நான் பணியாற்றிய இடத்தில் இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கண்ணால் பார்த்தேன். கூட்டத்தில் கேள்வி கேட்பவர்கள் பதிலுக்காகக் கேட்கவில்லை. தாங்கள் இருப்பதைத் தெரிவிக்கக் கேட்டார்கள். ஒரு சிறு திருத்தத்தைச் செய்துவிட்டு இருபது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். கடினமான, வெளியே தெரியாத வேலைகளை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. ஏனென்றால் அவற்றில் பெயர் கிடைக்காது என்பதை எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மேலிடத்துக்குக் காக்கா பிடிப்பதற்கு நாகரிகமான ஒரு பெயர் சூட்டிவிட்டால் அது நேர்மையாகிவிடாது.

அமைதிவிரும்பி, உங்கள் கூச்சத்தை நீங்கள் குறையாகக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது ஒரு நல்ல உணர்வு.

ஆய்வுமாணவி

நான் நிறுவன உளவியலில் ஆய்வு செய்துவருகிறேன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பதால், இந்தத் துறையில் நெடுங்காலமாகத் தெரிந்த சில முடிவுகளை இங்கே வைக்கிறேன்.

முதலில், "வேலை தானே பேசட்டும்" என்ற நம்பிக்கை. வேலையை மதிப்பிடுபவர்கள் வேலையை மட்டும் பார்க்கிறார்கள் என்றால்தான் அது பலிக்கும். 1920இல் எட்வர்ட் தார்ண்டைக், இராணுவ அதிகாரிகள் தம் கீழ் இருந்தவர்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவை வெவ்வேறானவை. ஆனாலும் ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் மற்றவற்றிலும் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்தே பெற்றிருந்தார். மொத்தமாக ஒரு நல்ல எண்ணம் உருவாகிவிட்டால், தனித்தனிப் பண்புகள் அதன் நிறத்தையே ஏற்றுக்கொள்கின்றன. எண்பது ஆண்டுகள் கழித்து, 2000இல், ஸ்கல்லன், மவுன்ட், காஃப் ஆகியோர் சில ஆயிரம் மேலாளர்களுக்கு அளிக்கப்பட்ட மதிப்பீடுகளைப் பிரித்துப் பார்த்தபோது, மதிப்பெண்களில் காணப்பட்ட வேறுபாட்டின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி, மதிப்பிடப்பட்டவரின் செயல்திறனைவிட மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கையே சார்ந்திருந்ததாகத் தெரிந்தது. அதாவது, நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்தாலும் உங்களைப் பற்றி ஓர் எண்ணம் உருவாகத்தான் போகிறது. கிடைத்த சில்லறைத் தகவல்களை வைத்து அதை மற்றவர்கள் கட்டிக்கொள்வார்கள்.

இனி, கார்முகில் அவர்களின் கவலைக்கு வலுச் சேர்க்கும் ஒன்று. ஃபிரெட் லூதன்ஸ் 1988இல் வெளியிட்ட ஆய்வில் 450க்கும் மேற்பட்ட மேலாளர்கள் அன்றாடம் எதில் நேரம் செலவிடுகிறார்கள் என்று கவனித்தார். விரைவாகப் பதவி உயர்ந்தவர்களை ஒரு குழுவாகவும், தம் பிரிவில் நல்ல விளைவையும் ஊழியர்களின் மனநிறைவையும் கொண்டுவந்தவர்களை இன்னொரு குழுவாகவும் பிரித்தார். விரைவாக உயர்ந்தவர்களின் நேரத்தில் ஏறத்தாழ 48 விழுக்காடு தொடர்புகளை வளர்ப்பதில் போனது. நல்ல விளைவு தந்தவர்களுக்கு அது ஏறத்தாழ 11 விழுக்காடுதான். அவர்கள் பெரும்பகுதி நேரத்தைத் தகவல் பரிமாற்றத்துக்கும் ஊழியர்களைப் பேணுவதற்கும் கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் இடம்பெற்றவர்கள் மிகச் சிலரே. நிறுவனங்கள் யாரை உயர்த்துகின்றன என்பதும் யாரால் நிறுவனம் நன்றாக நடக்கிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை இந்த ஆய்வு அன்றே காட்டிவிட்டது.

ஆனால் இதிலிருந்து, நன்றாக வேலை செய்பவர்கள் ஒதுங்கியே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருவது தவறு. அவர்கள் ஒதுங்கும்போதெல்லாம் அந்த இடத்துக்கு, தொடர்புகளை மட்டுமே வளர்த்தவர் வந்து சேர்கிறார். அவருக்குக் கீழ் வேலை செய்யப் போவதும் நாம்தான்.

தேன்மொழி

இந்த இழையில் இதுவரை வராத ஒரு பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். "உங்களைப் பற்றி நீங்களே பேசுங்கள்" என்ற அறிவுரையின் விலை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஓர் ஆண் தன் வெற்றியை எடுத்துச் சொன்னால் தன்னம்பிக்கை. அதே சொற்களைப் பெண் சொன்னால் ஆணவம். லாரி ரட்மன் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், தம் திறமையை வெளிப்படையாக எடுத்துரைத்த பெண்கள் திறமையானவர்களாகக் கருதப்பட்டாலும், பழக விரும்பத்தக்கவர்களாகக் கருதப்படுவதில் பின்தங்கினார்கள்.

ஆன் ஹாப்கின்ஸின் வழக்கைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1982இல் அமெரிக்காவில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் கூட்டாளி (பங்குதாரர்) நிலைக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். அந்நாட்டு வெளியுறவுத் துறையிடமிருந்து ஏறத்தாழ 2.5 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்ததில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. அப்படியும் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. வாய்ப்பு மேம்பட வேண்டுமானால் பெண்மையோடு நடக்கவும், பேசவும், உடுத்தவும், ஒப்பனை செய்துகொள்ளவும், நகை அணியவும் வேண்டும் என்று அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற முன்முடிவை வைத்துப் பதவியை மறுப்பதும் பாலினப் பாகுபாடுதான் என்று 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது; பின்னர் கீழ் நீதிமன்றத்தின் ஆணையால் அவர் கூட்டாளியாகவும் ஆனார். அவருடைய வேலை தெரியாமல் இருந்ததில்லை. எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தே இருந்தது. ஆகவே, தெரியவைத்தால் போதும் என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வரும்.

நடைமுறையில் எனக்குப் பயன்பட்டதையும் சொல்கிறேன். கூட்டக் குறிப்பு எழுதுவது, விடைபெறுபவருக்கு வாழ்த்து அட்டை சுற்றுக்கு விடுவது, புதியவருக்கு இருக்கை ஏற்பாடு செய்வது போன்ற வேலைகளை யார் செய்கிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். லிண்டா பாப்காக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பதவி உயர்வுக்கு உதவாத இத்தகைய வேலைகளுக்குப் பெண்களிடமே அதிகம் கேட்கப்படுவதும், அவர்கள் அதிகமாக ஒப்புக்கொள்வதும் தெரியவந்தது. இவற்றைச் செய்பவருக்கு "நல்லவர்" என்ற பெயர் கிடைக்கும். "இந்தப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்" என்ற பேச்சு வராது. என் குழுவில் குறிப்பெழுதும் வேலையைச் சுழற்சி முறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். சண்டை எதுவும் இல்லாமல் மாறியது. அதன்பின் கூட்டங்களில் தலை குனிந்து எழுதிக்கொண்டிராமல் பேச எனக்கு நேரம் கிடைத்தது.

தொலைவில்பணி

வீட்டிலிருந்து பணியாற்றுபவர்கள் சார்பாகச் சுருக்கமாக ஒன்று. எல்ஸ்பாக், கேபிள், ஷெர்மன் ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு, ஒருவர் அலுவலகத்தில் வெறுமனே கண்ணில் படுவதாலேயே அவர் நம்பகமானவர் என்றும், வழக்கமான நேரத்தைத் தாண்டியும் கண்ணில் பட்டால் ஈடுபாடு மிக்கவர் என்றும் பார்ப்பவர்கள் தம்மை அறியாமல் முடிவுசெய்வதைக் காட்டியது. அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே எழுத்தில் பதில் தரும் வேகமும், சொன்ன நாளில் சொன்னதை முடிப்பதும், முடியாது என்றால் முன்கூட்டியே சொல்வதும்தான் எங்களைப் பற்றிய எண்ணமாகின்றன. நள்ளிரவில் மின்னஞ்சல் அனுப்பி ஈடுபாட்டைக் காட்ட முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது மற்றவர்களின் உறக்கத்தையும் கெடுக்கிறது, செய்யாதீர்கள்.

அமைதிவிரும்பி

அனைவருக்கும் நன்றி. பதில்களைப் படித்தபின் ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வாரந்தோறும் என் மேலாளருக்கு ஒரு நிலவர மின்னஞ்சல் அனுப்புகிறேன். அதை அவர் அவ்வப்போது மற்றப் பிரிவுகளுக்கும் அனுப்பிவைப்பதுண்டு. கடைசியாக அனுப்பியதை, நிறுவனத்தின் உள் விவரங்களை மாற்றிவிட்டு இங்கே தருகிறேன். இதில் என்ன மாற்றலாம் என்று சொல்லுங்கள்.

"இந்த வாரம் பணம் செலுத்தும் பகுதியில் 40 சோதனைகள் நிறைவேற்றப்பட்டன. 3 பிழைகள் பதிவு செய்யப்பட்டன. அவற்றில் 2 சரிசெய்யப்பட்டன. அடுத்த வாரம் சோதனைகள் தொடரும்."

முன்னாள்மேலாளர்

இந்த மின்னஞ்சல் உங்கள் பிரச்சினை முழுவதையும் நான்கு வரிகளில் சொல்லிவிடுகிறது. இதைப் படிக்கும் பிரிவுத் தலைவருக்கு எண்கள் கிடைக்கின்றன. அந்த எண்களால் தமக்கு என்ன நன்மை என்பது கிடைக்கவில்லை. செய்தவர் யார் என்பதும் எங்கும் இல்லை. நான் எழுதியிருந்தால் ஏறத்தாழ இப்படி எழுதியிருப்பேன்:

"பணம் செலுத்தும் பகுதியில், இணைப்பு இடையில் அறுந்தால் வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து இருமுறை பணம் கழியும் பிழை ஒன்றை வெளியீட்டுக்கு முன்பே கண்டுபிடித்தோம். அது எப்போதாவது மட்டுமே தோன்றியதால், ஒவ்வொரு முறையும் அதை வரவழைத்துப் பார்க்கும் வழியை நான் உருவாக்கினேன்; அதைக் கொண்டு சர்வர் குழு ஒரே நாளில் சரிசெய்தது. இன்னொரு பிழையும் சரியாகிவிட்டது. மீதமுள்ள ஒன்று அறிக்கைப் பக்கத்தின் தோற்றத்தை மட்டும் பாதிப்பதால் வெளியீட்டை நிறுத்த வேண்டியதில்லை என்பது என் பரிந்துரை. பழைய பதிப்புக்கான ஆதரவைத் தொடர்வதா என்பதில் புதன்கிழமைக்குள் உங்கள் முடிவு தேவை."

இதில் தற்பெருமை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தடுக்கப்பட்ட தீங்கு என்ன என்று சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: நடக்காமல் போனதைக் காட்ட, அது நடந்திருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டும். சர்வர் குழுவின் பங்கும் பெயரோடு இருக்கிறது. அவர்களின் தலைவர் இதைப் படித்தால் உங்கள்மேல் அவருக்கு நல்லெண்ணம் வருமே தவிர மனக்கசப்பு வராது. பரிந்துரை ஒன்று இருக்கிறது. அதாவது நீங்கள் கண்டதைச் சொல்வதோடு நிற்காமல், என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கவும் தெரிந்தவர் என்பது தானாகப் புரிகிறது. அடுத்த நிலையில் இருப்பவரின் வேலை அதுதான்.

எல்லா வாரமும் இப்படி எழுதுமளவுக்குச் செய்தி இருக்காது. இல்லாத வாரத்தில் சுருக்கமாக எழுதுங்கள். சிறியதைப் பெரிதாக்கினால், பெரியது உண்மையிலேயே வரும்போது யாரும் படிக்க மாட்டார்கள்.

கார்முகில்

அந்த மாதிரி மின்னஞ்சலுக்கு எதிராக எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதில் பொய் இல்லை, மிகையும் இல்லை. படிப்பவருக்குப் பயனும் இருக்கிறது. நான் எதிர்த்தது இதையல்ல என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்தப் பாதையில் அடுத்து வரும் வளைவுதான் எனக்குக் கவலை தருகிறது. "நான் உருவாக்கினேன்" என்று எழுதத் தொடங்கும் ஒருவர், இருவர் சேர்ந்து உருவாக்கியதையும் ஒரு நாள் அப்படியே எழுதிவிடுகிறார். கெட்ட எண்ணத்தோடு எழுதுவதில்லை, தாம் செய்தது தமக்கு நன்றாக நினைவிருப்பதால் எழுதிவிடுகிறார். என் உழைப்பு இன்னொருவரின் பெயரில் மேலே போனதை நான் அனுபவித்திருக்கிறேன். அதைச் செய்தவர் இன்றுவரை தாம் தவறு செய்ததாக நினைக்கவில்லை என்றே நம்புகிறேன்.

மேலதிகாரிகளிடம் ஒரு முகமும், உடன் பணியாற்றுபவர்களிடம் வேறொரு முகமுமாக இருப்பவர்களைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். இழையின் தலைப்பு சக ஊழியர்களைப் பற்றியது; பேச்சு முழுவதும் மேலிடத்தைச் சுற்றியே இருக்கிறது.

ஆய்வுமாணவி

கார்முகில், நீங்கள் சொன்ன முதல் செய்தி ஆய்வில் அப்படியே பதிவாகியிருக்கிறது. மைக்கேல் ராஸும் ஃபியோரே சிக்கோலியும் 1979இல், கணவன் மனைவி இருவரையும் வீட்டு வேலைகளில் தத்தம் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். இருவரின் பங்கையும் கூட்டினால் பெரும்பாலும் முழுமையைத் தாண்டிவிட்டது. நம் உழைப்பு நம் நினைவுக்கு எளிதில் வருகிறது. மற்றவரின் உழைப்பில் பாதியை நாம் பார்த்ததே இல்லை. எனவே பங்கைக் குறிப்பிடுவதற்கு முன், உடன் உழைத்தவரிடம் வரைவைக் காட்டி "இது சரியாக இருக்கிறதா" என்று கேட்டுவிடுவது நல்ல பழக்கம். அதில் கிடைக்கும் திருத்தம் கசப்பாக இருந்தாலும், பிறகு வரும் பகையைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டு முகத்தைப் பற்றி ரூஸ் ஃபோங்க் 1998இல் ஆய்வு செய்தார். மேலே இருப்பவர்களிடம் இனிமையாகவும் கீழே இருப்பவர்களிடம் கடுமையாகவும் நடந்துகொள்ளும் ஒருவரைப் பற்றிய விவரங்களைப் படித்தவர்கள், அவரை மிக ஆழமாக வெறுத்தார்கள். அவர் செய்த நல்ல செயல்களும் அவருக்கு எதிராகவே எண்ணப்பட்டன. மேலே இருப்பவருக்கு அவரது ஒரு பக்கம் மட்டுமே தெரிவதால் சில காலம் அது பலிக்கலாம். ஆனால் பல நிறுவனங்களில் இப்போது சக ஊழியர்களிடமும் கீழே இருப்பவர்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமாக, இன்று உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவர் நாளை அந்த அறையில் உட்காரப் போகிறவர்.

கூச்சம் உள்ளவர்களுக்கு உதவும் இரண்டு முடிவுகளும் உண்டு. ஜெஃப்ரி ஃபெஃபர், ராபர்ட் சியால்டினி உள்ளிட்டோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வதைவிட அவருக்காக இன்னொருவர் அதே சொற்களைச் சொல்லும்போது, கேட்பவர்களுக்கு அவர்மேல் விருப்பமும் உதவும் எண்ணமும் அதிகமாக இருந்தன. சொல்பவர் அதற்காக அமர்த்தப்பட்டவர் என்று தெரிந்திருந்தும் அப்படித்தான். ஆகவே சக ஊழியர்கள் ஒருவருக்கொருவர் உண்மையான பங்கை எடுத்துச் சொல்லும் வழக்கம் இருவருக்குமே நன்மை தரும். கார்முகில் விரும்பும் நியாயமும் அதில் இருக்கிறது. இரண்டாவது, ஆலோசனை கேட்பது. கேட்டால் தன்னைத் திறமையற்றவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அலிசன் உட் புரூக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் காட்டியது இதற்கு நேர் எதிரானது: கடினமான ஒன்றில், அத்துறை தெரிந்தவரிடம் ஆலோசனை கேட்டவரை, கேட்கப்பட்டவர் முன்பைவிடத் திறமையானவராகவே மதிப்பிட்டார். அமைதிவிரும்பி, மற்றப் பிரிவுத் தலைவர்களுக்கு உங்களைத் தெரியவைக்க இதைவிடக் கண்ணியமான வழி எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வியோடு போங்கள். விடையைப் பயன்படுத்திய பின் என்ன ஆனது என்று திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

அமைதிவிரும்பி

அந்தக் கடைசி யோசனை எனக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். வெளியீட்டுக்குப் பின் வாடிக்கையாளர் புகார்கள் எந்த வகையில் வருகின்றன என்பது எனக்கு முழுமையாகத் தெரியாது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவரிடம் அதைக் கேட்டால் என் சோதனைகளை எங்கே கூர்மையாக்க வேண்டும் என்பது தெரியவரும். இது வெறும் அறிமுகத்துக்கான சாக்காக இருக்காது என்பதால் கூச்சமும் இல்லை.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். பதவி உயர்வில் எனக்கு விருப்பம் இருக்கிறது என்று என் மேலாளரிடம் நான் இதுவரை வெளிப்படையாகச் சொன்னதே இல்லை. சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணியிருந்தேன். அதைச் சொல்வது நெருக்கடி கொடுப்பதாகத் தோன்றாதா?

முன்னாள்மேலாளர்

தோன்றாது. சொல்லாதவர்களைப் பற்றி நாங்கள் பெரும்பாலும் செய்துகொண்ட ஊகம், "அவர் இருக்கும் இடத்தில் மகிழ்ச்சியாக இருக்கிறார்" என்பதுதான். அந்த ஊகம் எங்களுக்கு வசதியானது என்பதால் அதைச் சோதித்துப் பார்க்க யாரும் முயல்வதில்லை.

ஆனால் "எனக்குப் பதவி உயர்வு வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். "அடுத்த முறை என் பெயர் வரும்போது மேசையில் இருப்பவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்கள்? அதைச் சொல்ல அவர்களுக்குக் காரணம் தரும் எந்த வேலையை என்னிடம் கொடுக்க முடியும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குத் தெளிவான விடை வந்தால் அவர் உங்களுக்காகப் பேசத் தயாராக இருக்கிறார் என்று பொருள். விடை மழுப்பலாக வந்தால், அல்லது ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வந்தால், தடை உங்களைப் பற்றிய எண்ணத்தில் இல்லை. அங்கே இடமே இல்லை, அல்லது அந்த இடம் வேறொருவருக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அப்போது எவ்வளவு நல்ல மின்னஞ்சல் எழுதினாலும் பயன் இருக்காது. வேறு குழுவையோ வேறு நிறுவனத்தையோ தேடுவதுதான் அறிவுடைமை. கார்முகில் சொன்ன அமைப்புக் கோளாறை ஊழியர் ஒருவர் தனியாளாகச் சரிசெய்ய முடியாது என்பதை நானும் ஏற்கிறேன்.

பேசி முடித்த அன்றே, அவர் சொன்னதை நீங்கள் புரிந்துகொண்ட விதத்தை இரண்டு மூன்று வரிகளில் எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். மேலாளர்கள் மாறுவார்கள், புதிதாக வருபவருக்குக் காட்ட உங்களிடம் அது இருக்கும்.

தேன்மொழி

காலத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள், அமைதிவிரும்பி. பட்டியல் வெளியாகும் நேரத்தில் பேசினால் முடிவு ஏற்கனவே எடுக்கப்பட்டிருக்கும். பரிந்துரைகள் எந்த மாதத்தில் சேகரிக்கப்படுகின்றன என்று மனிதவளப் பிரிவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதற்குக் குறைந்தது ஒரு காலாண்டு முன்பாவது அந்த உரையாடல் நடந்திருக்க வேண்டும். அதற்குள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நீங்கள் கேட்கப்போவதற்கு விடையும் கிடைத்திருக்கும். என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள். எங்கள் குழுவிலும் அதே சிக்கல் இருக்கிறது.